தென்னையில் பழகிய கை: ஒரு சங்கிலி ரம்ப விபத்தின் ஆய்வு

ரம்பம் என்னிடம் வந்தபோது அதன் உறையெங்கும் செந்நிறக் கறை. கிடங்கில் இருந்த இளைஞர் அதைத் தொடவே தயங்கினார். "ரத்தம் சார். கழுவ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றார். படம் எடுத்துக்கொண்ட பிறகு ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்தேன். கறையில் கொஞ்சம் துணியோடு வந்தது. மீதி பிசின்போல் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அன்று அறுத்தது அங்சானா மரம். நம் ஊர் வேங்கைக்குப் பங்காளி முறை. வெட்டினால் இரண்டுமே சிவப்பாகக் கசியும். அறிக்கையோடு வந்த படத்தைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் பதறினார்களே, அந்தச் சிவப்பில் பாதி மரத்தினுடையது.

சிங்கப்பூரில் பணியிடப் பாதுகாப்பு வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த விபத்தைப் பற்றி ஏற்கெனவே ஒன்றரைப் பக்கத்தில் ஆங்கில அறிக்கை ஒன்று தயாராகியிருந்தது. காயம்பட்டவரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரிடம் தமிழில் ஒருமுறை பேசிப் பார்க்கும்படி அந்த நிறுவனம் என்னைக் கேட்டுக்கொண்டது. ஒரு மணி நேர வேலை என்று நினைத்துப் போனேன். ஐந்து நாள் ஆயிற்று.

நடந்தது

சுமத்ராவிலிருந்து வரும் புயல்காற்று இங்கே வசிப்பவர்களுக்குப் புதிதல்ல. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ, ஒரு மணி நேரம் அடித்துத் துவைத்துவிட்டுப் போகும். அன்றும் ஐந்து மணிவாக்கில் அப்படித்தான் அடித்தது. கிழக்கே ஒரு குடியிருப்புப் பேட்டையில், பெரிய மழைநீர்க் கால்வாயை ஒட்டிய நடைபாதையில், அங்சானாவின் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அடிப்பகுதி 30 சென்டிமீட்டர் கனம், நீளம் எட்டு மீட்டருக்குச் சற்றுக் கூட. அடி நடைபாதையில் கிடந்தது. நுனி கால்வாயின் கம்பித் தடுப்பைத் தாண்டி அந்தப்புறம் தொங்கியது.

ஏழே முக்காலுக்கு லாரி வந்து சேர்ந்தது. நான்கு பேர். ரம்பத்தை இயக்கியவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், 31 வயது. கிளை இழுக்க ஒரு வங்காளதேசத் தொழிலாளி, புதுக்கோட்டைத் தம்பி ஒருவர், ஓட்டுநர். 40 சிசி பெட்ரோல் ரம்பம்; சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான பட்டை 16 அங்குலம். முதலில் சின்னக் கொப்புகளைக் கழித்துவிட்டு, பிறகு அடியைத் துண்டு போடுவது என்று திட்டம். திட்டத்தில் தவறில்லை.

எட்டு இருபத்தைந்துக்கு, இலைக்கொத்துக்குள் நுழைந்த ரம்பம் எகிறித் திரும்பியது. தலைக்கவசத்தின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. இடது தோளில் ஏழு சென்டிமீட்டர் வெட்டு, பதினொரு தையல், பதினான்கு நாள் மருத்துவ விடுப்பு. ஓட்டுநர் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைத்துவிட்டுத் தன் துண்டாலேயே தோளை அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்தக் காலைப்பொழுதில் பிசகில்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

முதல் அறிக்கை

காரணம்: இயக்கியவரின் கவனக்குறைவு. பரிந்துரைகள் மூன்று. பாதுகாப்புக் கால்சட்டை கட்டாயம் அணிய வேண்டும். மறுபயிற்சி அளிக்க வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும்.

இரண்டு முறை படித்தேன். காயம் தோளில் இருந்தது, பரிந்துரை காலில் இருந்தது.

எப்படி இப்படி ஆயிற்று என்று ஊகிப்பது கடினமல்ல. விசாரிக்கப் போனவர் லாரியின் பின்புறத்தில் பிரிக்காத உறையோடு கால்சட்டைகள் கிடப்பதைப் பார்த்தார். கண்ணில் பட்ட குற்றம் அது. கண்ணில் பட்டது காகிதத்திலும் ஏறிவிட்டது. அவர் பார்த்தது பொய்யில்லை. அந்தக் கால்சட்டைக்குள் அடுக்கடுக்காக நீண்ட இழைகள் இருக்கின்றன. சங்கிலி பட்டதும் அவை உருவி வந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். முதல் வகுப்புக் கால்சட்டை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலிக்குச் சோதிக்கப்பட்டது. கால்சட்டை இல்லாமல் ரம்பத்தைத் தொடவே கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் அன்று நால்வரும் கால்சட்டையைப் போட்டுக்கொண்டே வேலை பார்த்திருந்தாலும் அதே பதினொரு தையல் விழுந்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மீட்டருக்கு மேல் ஏறிச் செய்யும் அபாயகரமான வேலைக்கு 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அனுமதிச்சீட்டு வேண்டும். அதனால் மரமேறும் நாளில் நிறுவனத்தில் கோப்பு, கையெழுத்து, மேற்பார்வையாளர் எல்லாம் தயாராக இருக்கும். விழுந்த கிளையைத் தரையில் நின்று அறுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சின்ன வேலை'. சின்ன வேலைக்கு மேற்பார்வையாளர் வரவில்லை.

சங்கிலி

சம்பவ இடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. நண்பகலுக்குள் கிளை முழுவதும் அரைக்கும் இயந்திரத்துக்குள் போய்த் தூளாகிவிட்டது. மிஞ்சியவை இரண்டு. ஒன்று ரம்பம். மற்றொன்று, புதுக்கோட்டைத் தம்பியின் கைப்பேசியில் இருந்த படம். வேலைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் என்று அனுப்புவது ஒப்பந்த வழக்கம். அந்த 'முன்' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இலைகளுக்குப் பின்னால் கட்டைவிரல் கனத்தில் முறிந்த குச்சி ஒன்று நட்டுக்குத்தாக நிற்பது தெரிந்தது. பட்டை எங்கே நுழைந்ததோ, அதற்கு நேர் எதிரே.

சங்கிலியைக் கழற்றி மேசையில் விரித்தேன். ரம்பச் சங்கிலியின் ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் மீன் துடுப்புப் போல் ஒரு சிறு மேடு நிற்கும். பல் ஒரு முறைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த மேடுதான். இந்த அளவுச் சங்கிலியில் பல்லின் முனையைவிட மேடு 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை அரத்தால் தீட்டத் தீட்டப் பல் தேய்ந்து தாழும். அதற்கேற்ப மேட்டையும் தட்டை அரத்தால் இழைக்கத்தான் வேண்டும். ஆகவே மேட்டில் கை வைத்தது தவறல்ல. அளவுகோல் வைக்காமல் இழைத்தால்தான் ஆபத்து. நான் அளந்த மேடுகளில் ஒன்றுகூட 0.65-இல் இல்லை. பெரும்பாலானவை 1.1, சில 1.2.

அரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? அது தெரிய வேண்டுமானால் பட்டையின் நுனியில் நடப்பதைப் பார்க்க வேண்டும். தொழிலாளர்கள் நுனியை 'மூக்கு' என்கிறார்கள். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. சங்கிலி பட்டையின் மேல்பக்கமாக முன்னோக்கி ஓடி, மூக்கைச் சுற்றிக் கீழே இறங்கி, அடிப்பக்கமாகத் திரும்பி வருகிறது. அடிப்பக்கத்தால் அறுத்தால் ரம்பம் முன்னோக்கி இழுக்கும். மேல்பக்கத்தால் அறுத்தால் நம் மீது தள்ளும். இரண்டையும் கை தாங்கிக்கொள்ளும். மூக்கின் மேல்பாதி மட்டும் வேறு கதை. அங்கே பல் முன்னும் கீழுமாக வளைந்து பாய்கிறது. ஒரு குச்சி எதிரே வந்தால் பல் அதைக் கொத்திப் பிடித்துக்கொள்கிறது. மரம் நகராது, சங்கிலி நிற்காது. அந்த விசைக்குப் போக வேறு வழியில்லாததால் பட்டை முழுவதும் எதிர்த்திசையில் மேலும் பின்னுமாகச் சுழன்று எகிறுகிறது. முழு வேகத்தில் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் கூடுதல். எகிறலுக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. 'கவனமாக இருந்திருந்தால்' என்ற பேச்சுக்கு இடம் எங்கே இருக்கிறது?

மேடு சரியான உயரத்தில் இருந்தால் பல் ஆழமாகக் கொத்தாது. வழுக்கிக்கொண்டு போக வாய்ப்புண்டு. மேடு தாழ்ந்தால் ஆழமாகக் கொத்தும்; எகிறலும் அந்த அளவுக்கு வெறிகொள்ளும்.

சங்கிலியில் இன்னொரு குறையும் இருந்தது. எகிறலைக் குறைப்பதற்கென்று வரும் சங்கிலியில், பல்லுக்கு முன்னால் காளையின் திமில் மாதிரி ஒரு கூடுதல் புடைப்பு இருக்கும். மூக்கைச் சுற்றும்போது அது எழுந்து நின்று பல்லை மறைக்கும். ரம்பத்தை வாங்கியபோது உடன் வந்த சங்கிலி அந்த வகை. பிறகு வாங்கி மாற்றியதில் திமில் இல்லை. பட்டையில் பொருந்துகிறதா, விலை என்ன என்ற இரண்டைத்தான் வாங்கியவர் பார்த்திருக்கிறார்.

கஜாவின் மிச்சம்

காயம்பட்டவரை விடுதியில் போய்ப் பார்த்தேன். இடது கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் அரை மணி நேரம் எல்லாவற்றுக்கும் "என் தவறுதான் சார்" என்ற ஒரே பதில். வேலை போய்விடுமோ என்ற பயம் அந்தப் பதிலில் இருந்தது. மருத்துவ விடுப்புச் சம்பளமும் சிகிச்சைச் செலவும் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி அவருக்கு உரியவை என்பதையும், ஒரு நாள் விடுப்பே ஆனாலும் 2020 செப்டம்பரிலிருந்து மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதையும், இதில் யாரும் அவருக்குத் தயவு செய்யவில்லை என்பதையும் சொன்ன பிறகு 'சார்' போய் 'அண்ணே' வந்தது.

"சங்கிலிக்கு அரம் போடுவது யார் தம்பி?" என்றேன்.

"நான்தான் அண்ணே. நம் கிடங்கில் இருக்கும் ஆறு மிஷினுக்கும் நான்தான். மற்றவர்கள் போட்டால் கடிக்காது."

"எங்கே பழகினீர்கள்?"

"கஜாவில்."

2018 நவம்பரில் வந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தை என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும். தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்தவே மாதக்கணக்கில் ஆனது. இவர் அப்போது வாடகை ரம்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு தோப்புத் தோப்பாகப் போயிருக்கிறார். எத்தனை மரம் அறுத்தீர்கள் என்று கேட்டதற்கு, எண்ணவில்லை என்றார். முதல் சில நாள், சொந்தக்காரர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டே அறுத்ததை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

தென்னை நார் மரம். மண் அப்பிக் கிடக்கும் தென்னை, சங்கிலியை அரை நாளில் மழுக்கிவிடும். மழுங்கிய சங்கிலியைக் கடிக்க வைக்க அங்கே எல்லோரும் செய்வது மேட்டை நன்றாக இழைத்துவிடுவது. கை ஒருநாளும் அடிபட்டதில்லை. ஏன் பட்டதில்லை என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தபோதே அவரே நிறுத்தினார். "தென்னையில் கொப்பு ஏது அண்ணே?" என்றார்.

அதுதான் விஷயம். தென்னை ஒரே தூண். மூக்கு போய் முட்டுவதற்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. மேட்டை எவ்வளவு தாழ்த்தினாலும் அந்தத் தவறு அங்கே வெளியே தெரியாது. அங்சானா அப்படியா? கிளைக்குள் கிளை, கொப்புக்குள் கொப்பு. 1960களின் இறுதியிலும் 70களிலும் இந்தத் தீவை விரைவாகப் பசுமையாக்க, பெரிய கொம்புகளையே வெட்டி நட்டு 'உடனடி மரம்' என்று வளர்த்தார்கள். நிழலுக்கு அருமையான மரம்; பூத்து உதிர்ந்த காலையில் நடைபாதையே மஞ்சளாக இருக்கும். கொப்பு கழிப்பவருக்கு மட்டும் அது பின்னிப்போட்ட முள்வேலி.

அறிக்கையின் முதல் பக்கத்தில் 'அனுபவம்: 5 ஆண்டுகளுக்கு மேல்' என்று ஒரு வரி இருந்தது. பொய்யில்லை. வேறு மரத்தில் கிடைத்த அனுபவம்.

கால்வாய் ஓரம்

மீதி, நின்ற இடத்தால் வந்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப்புறம் போக முடியாததால் இந்தப்புறமிருந்தே எட்டி அறுத்திருக்கிறார். எட்டும்போது கை நீள்கிறது. கை நீண்டால் பட்டையின் நடுப்பகுதிக்குப் பதிலாக மூக்குதான் முதலில் வேலைக்குப் போகும். போதாததற்கு, முன் கைப்பிடியை மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடித்திருந்தார். மேலே பிடித்திருந்தால், ரம்பம் எகிறும்போது கைப்பிடிக்கு முன்னால் ரம்பத்திலேயே இருக்கும் தடுப்பில் மணிக்கட்டு மோதி, சங்கிலியை நிறுத்தும் பிரேக் விழும். பக்கவாட்டில் பிடித்த கை அந்தத் தடுப்பில் மோதாது.

அப்படிப்பட்ட நேரத்துக்காகவே பிரேக்குக்கு இரண்டாவது வழி ஒன்று உண்டு. எகிறும் வேகத்தின் உதறலிலேயே தானாக விழும். அதைச் சோதித்தேன். என்ஜினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, ஒரு மரக்கட்டைக்கு மேலாக ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு முன் கைப்பிடியில் இருக்கும் கையை மட்டும் விட்டுவிட வேண்டும். மூக்கு கட்டையில் விழுந்து இடித்தவுடன் 'டக்' என்று பிரேக் விழ வேண்டும். ஐந்து முறை செய்ததில் மூன்று முறை விழுந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் பிரேக் பட்டியைச் சுற்றி எண்ணெயும் மரத்தூளும் சிவப்புப் பிசினும் சேர்ந்து அல்வாப் பதத்தில் இருந்தன. தூரிகையால் சுத்தம் செய்த பிறகு ஐந்துக்கு ஐந்தும் விழுந்தது. அன்று காலை அது ஒழுங்காக விழுந்ததா என்று இனி யாரும் நிரூபிக்க முடியாது. தலைக்கவசத்தில் சில்லு மட்டும் போனது, கவசம் பிளக்கவில்லை என்பதால் விழுந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஒரு சொல்லின் கதை

காலைக் கூட்டத்தில் ரம்பத்தின் அபாயங்களைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் அங்கே ஒழுங்காகவே நடந்திருக்கிறது. தாளில் இந்த எகிறலின் ஆங்கிலப் பெயரான 'கிக்பேக்' இருந்தது. மேற்பார்வையாளர் அதைத் தமிழில் 'மிஷின் உதைக்கும், ஜாக்கிரதை' என்று சொல்லியிருக்கிறார். புதுக்கோட்டைத் தம்பியிடம், உதைக்கும் என்றால் என்ன என்று கேட்டேன். எழுந்து நின்று, இல்லாத கயிறு ஒன்றைச் சுண்டி இழுத்து, கையை வெடுக்கென்று உதறிக் காட்டினார். என்ஜினைக் கிளப்பும்போது கயிறு கையைப் பிடுங்குமே, அதுதான் அவருக்கு உதை. மோட்டார் சைக்கிள் உதைப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறெப்படித் தோன்றும்? நால்வரில் மூவர் அப்படித்தான் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'மூக்கு முட்டினால் எகிறும்' என்று சொல்லியிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். அந்தச் சொற்கள் அவர்களுடைய வாயிலேயே இருந்தன.

மாற்றியவை

ஆறு ரம்பங்களின் சங்கிலியும் கழற்றப்பட்டது. ஐந்தில் மேடு தாழ்ந்திருந்தது, ஒரே கை தீட்டியவை அல்லவா. மேட்டின் அளவு பார்க்கும் தகடு சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)தான். கிடங்கில் ஒன்றுகூட இருக்கவில்லை. இப்போது இரண்டு இருக்கின்றன. அரம் போடும் பொறுப்பை அவரிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒரு குரல் எழுந்தது. கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். நான்கு மில்லிமீட்டர் உருண்டை அரத்தை 30 பாகைக் கோணத்தில் பல்லுக்குப் பல் பிசகாமல் தள்ளும் கை அங்கே அவருடையது மட்டும்தான். அந்தக் கைக்குத் தேவைப்பட்டது ஒரு தகடு.

கூட்டத்தில் தாளைப் படிப்பதற்குப் பதிலாக, என்ஜின் அணைந்த ரம்பத்தின் மூக்கை ஒரு குச்சியில் வைத்து, அது எந்தப் பக்கம் சுழலும் என்பதைக் கையாலேயே திருப்பிக் காட்டுகிறார்கள். பட்டை போகும் பாதை எதிர்த் தோளில் முடிவதை ஒருமுறை பார்த்தவர்கள், தலையையும் தோளையும் பட்டையின் நேர்கோட்டிலிருந்து தாமாகவே விலக்கி வைத்துக்கொள்கிறார்கள். முழங்கையை நீட்டாமல் எட்டாத கொப்பைக் கயிறு போட்டு இழுத்து இந்தப்புறம் கொண்டுவர வேண்டும், அல்லது கைரம்பத்தால் கழிக்க வேண்டும். இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும். தரையிலும் கம்பித் தடுப்பிலுமாக இருபுறமும் தாங்கிக் கிடக்கும் கிளை மேற்பக்கம் நெரிந்தும் அடிப்பக்கம் விரிந்தும் இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை மாட்டிக்கொள்ளும். இந்தக் கடைசிப் பாடம் இந்த விபத்துக்குச் சம்பந்தமில்லாதது. அடிமரத்தைத் துண்டு போடும்வரை அன்று வேலை நடந்திருந்தால் இரண்டாவது விபத்து அங்கே காத்திருந்தது என்பதால் சேர்த்துக்கொண்டேன்.

கால்சட்டைகள் உறையைப் பிரித்து வெளியே வந்துவிட்டன. வெயில் நேரத்தில் வேகிறது என்ற புகார் நியாயமானது. ரம்ப வேலையைக் காலை பத்து மணிக்குள் முடிக்கும்படி நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். எச்சரிக்கைக் கடிதம் இரண்டு வார வாக்குவாதத்துக்குப் பிறகு கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

மூன்றாவது வாரம் அவர் வேலைக்குத் திரும்பிய மறுநாள் கிடங்குக்குப் போனேன். கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்பதால் மேசையருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்து சங்கிலி தீட்டிக்கொண்டிருந்தார். தகட்டை ஒவ்வொரு பல்லின் மீதும் வைத்து, அதற்கு மேல் துருத்தியதை மட்டும் இரண்டு இழுப்பில் சீவினார். நான் அளந்து பார்த்தேன். 0.65, 0.65, ஒன்று மட்டும் 0.7. "அது பழைய பல் அண்ணே, இனி ஏறாது. சங்கிலியையே மாற்ற வேண்டும்" என்றார். அவர் கை நீட்டிய அலமாரியில் திமில் இல்லாத சங்கிலிப் பெட்டிகள் இன்னும் நான்கு இருந்தன. அவற்றைத் திருப்பி அனுப்பச் சொல்லி வாங்கும் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன்.